"ஒத்துக்கலை"ன்னு சொன்னா எழுதி வைங்க சாமி!

ஜூன் மாசம் மிருகசிர கார்த்தி வந்தா எங்க ஊர்ல (அதாவது இப்போதைக்கு எங்க ஊரான ஹைதராபாத்ல) ஒரு திருவிழா நடக்கும். நாம்பள்ளி எக்ஸிபிஷன் மைதானத்துல ஆயிரக்கணக்குல சனம் வரிசையில நிக்கும். பத்தினி கவுடு குடும்பத்துக்காரங்க ஒரு சின்ன விரால் மீன் குஞ்சை எடுத்து, அது வாயில மருந்து உருண்டையைத் திணிச்சு, உயிரோட அப்படியே தொண்டைக்குள்ள இறக்கி விடுவாங்க. ஆஸ்துமா போயிடுமாம். 1845ல இருந்து கொடுக்கிறதா அந்தக் குடும்பம் சொல்லுது. சைவம்னா மீனுக்குப் பதிலா வெல்லம். மீன் குஞ்சு சப்ளைக்கு அரசு மீன்வளத்துறை, கூட்டத்துக்குப் போலீஸ் பந்தோபஸ்து, எல்லாம் உண்டு.

மல்காஜ்கிரிக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம் டிவியில இதைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். குழந்தையோ கிழவியோ, குண்டோ ஒல்லியோ, லேசான வீசிங்கோ முத்தின இளைப்போ, யாரையும் எதுவும் கேக்கறதில்லை. எல்லாருக்கும் ஒரே உருண்டை. "இதெல்லாம் ஒரு மருந்தா?"ன்னு தங்கமணிகிட்ட லெக்சர் அடிச்சேன்.

அப்புறம் ஒருநாள் எங்க வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். சிரிப்பு நின்னு போச்சு. அதுல இருந்த மருந்துகளும் அப்படித்தானே வந்துச்சு? யாரும் எதுவும் கேக்கலை. எல்லாருக்கும் ஒரே ஸ்ட்ரிப். விரால் மீனுக்குப் பதிலா அலுமினியம் ஃபாயில், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

2022 டிசம்பர். பையனுக்கு அப்போ ஆறு வயசு. குளிர், ரோடு தோண்டின தூசி, ரெண்டும் சேர்ந்து வீசிங் வந்துடுச்சு. பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட (பேர் வேண்டாம்) காட்டினோம். சப்பி சாப்பிடற மாத்திரை ஒண்ணு எழுதிக் கொடுத்தார், மான்டிலுகாஸ்ட். ராத்திரி ஒண்ணு, மூணு மாசம். ரெண்டு நிமிஷத்துல வெளியில வந்துட்டோம். மாத்திரை ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருந்ததால பையன் சந்தோஷமா சாப்பிட்டான்.

மூணாவது வாரம் ஆரம்பிச்சது. ராத்திரி ரெண்டு மணிக்கு அலறிக்கிட்டு எழுந்திருப்பான். சுவத்துல ஏதோ இருக்குன்னு சொல்லுவான். பகல்ல ஒண்ணுமில்லாததுக்கு அழுவான். ஒருநாள், "அம்மா, நான் இல்லைன்னா உங்களுக்கு நல்லா இருக்குமா?"ன்னு கேட்டான். ஆறு வயசுக் குழந்தை!! தங்கமணி அன்னிக்கு முழுக்க அடுப்பே பத்த வைக்கலை.

டாக்டர்கிட்ட திரும்பப் போனோம். "இந்த மருந்து இவனுக்கு ஒத்துக்கலைன்னு தோணுது சார்"னு அவதான் சொன்னா. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "செல்ஃபோன் கொடுக்கிறீங்களா? ஸ்கூல் மாத்தினீங்களா? சின்ன மாத்திரைம்மா, இதுக்கெல்லாம் இப்படி வராது." முடிஞ்சுது கன்சல்டேஷன்.

2020 மார்ச்சிலேயே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த மருந்தோட குறிப்புத்தாள்ல கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லிடுச்சு. கெட்ட கனவு, மூர்க்கம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் எல்லாம் சிலருக்கு வரலாம், லேசான அலர்ஜி சளிக்கெல்லாம் இதை முதல்லயே கொடுக்காதீங்கன்னு. நாங்க டாக்டர் முன்னாடி உட்கார்ந்தது அதுக்கு ரெண்டு வருஷம் ஒன்பது மாசம் கழிச்சு. எழுதிக் கொடுத்தவரும் சொல்லலை, வித்த கடைக்காரரும் சொல்லலை.

வேற ஒரு டாக்டர் பார்த்து, கதையை முழுசாக் கேட்டு, மாத்திரையை நிறுத்தினார். அதுக்குப் பதிலா ஸ்பேசர் வெச்சு ஸ்டீராய்டு இன்ஹேலர். பத்து நாள்ல பையன் பழைய பையன் ஆயிட்டான்.

இதுல கடுப்பே இனிமேதான். நடந்ததை கும்பகோணத்துக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "டேய், உன் தங்கச்சி பொண்ணுக்கும் சிங்கப்பூர்ல இதே மாதிரிதான்டா ஆச்சு. ராத்திரி ராத்திரி கத்துவாளாம். இளைப்பு மாத்திரையாலன்னு டாக்டர் நிறுத்திட்டாராம். உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னு சொல்லலை."

ரெண்டு குழந்தைகளும் ஒரே பாட்டியோட பேரப்பிள்ளைங்க. இது பரம்பரையா, தற்செயலா? ஒரு பி.காம். காரன் தீர்ப்பு சொல்ற விஷயமில்லை. மான்டிலுகாஸ்ட் கனவுக்கு இந்த மரபணுதான் காரணம்னு இன்னும் யாரும் கையைக் காட்டி நிரூபிக்கவுமில்லை. ஆனா தங்கச்சி வீட்டு விஷயம் எனக்குத் தெரிஞ்சிருந்தா, முதல் ராத்திரி அலறினப்பவே மாத்திரை மேல சந்தேகம் வந்திருக்கும். மூணு வாரம் குழந்தையைத் திட்டிக்கிட்டு, செல்ஃபோனைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே மருந்து ஒருத்தருக்கு அமிர்தமாவும் இன்னொருத்தருக்கு விஷமாவும் இருக்கறது மனப்பிரமையா? இல்லைங்க. இதுக்குப் பின்னாடி நல்ல கெட்டியான விஞ்ஞானம் இருக்கு. ஆணி புடுங்கின நேரம் போக ராத்திரிகள்ல உட்கார்ந்து படிச்சதை, எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

முதல்ல வீடு வீடாத் தெரிஞ்ச டெரிஃபிலின். அது தியோஃபிலின் வகை. அதை உடைச்சு வெளியேத்தற வேலை கல்லீரல்ல இருக்கிற சி.ஒய்.பி.1ஏ2ன்னு ஒரு என்ஸைமோடது. அந்த என்ஸைம் ஆளுக்கு ஆள் வேற வேற வேகத்துல ஓடும். அதுக்கு மரபணுவும் ஒரு காரணம், பழக்கவழக்கமும் ஒரு காரணம். சிகரெட் பிடிக்கிறவருக்கு வேகமா ஓடும். அவரே சிகரெட்டை விட்டுட்டா வேகம் குறைஞ்சு, அதே மாத்திரை ரத்தத்துல அதிகமாச் சேரும். நடுவுல சிப்ரோஃப்ளாக்ஸசின் ஆன்டிபயாடிக் கொடுத்தா இன்னும் ஏறும். வாந்தி, படபடப்பு, ரொம்ப ஏறிட்டா வலிப்புகூட. வேலை செய்யற அளவுக்கும் கெடுதல் பண்ற அளவுக்கும் நடுவுல சின்ன இடைவெளிதான் இருக்கிற மருந்து இது. "டெரிஃபிலின் போட்டா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுடா"ன்னு எங்க பெரியப்பா இருபது வருஷமாச் சொன்னார். "உங்களுக்கு எல்லாமே படபடப்புதான்"னு இருபது வருஷமா நாங்க சிரிச்சோம்.

அடுத்தது சால்பியூட்டமால், நம்ம ஆஸ்தாலின். மூச்சுக்குழாய்த் தசையில இருக்கிற பீட்டா-2 ஏற்பியில (பூட்டுன்னு வெச்சுக்குங்க) இது சாவியாப் போய் உட்காரும். அந்தப் பூட்டைச் செய்யற மரபணுவுல 16வது இடத்துல சிலருக்கு அர்ஜினின், சிலருக்கு கிளைசின். 2004ல லான்செட் இதழ்ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. லேசான ஆஸ்துமா உள்ளவங்களுக்கு தினமும் நாலு வேளை சால்பியூட்டமால் கொடுத்துப் பார்த்தாங்க. ரெண்டு பக்கமும் கிளைசின் இருந்தவங்களுக்கு மூச்சு நல்லா ஆச்சு. ரெண்டு பக்கமும் அர்ஜினின் இருந்தவங்களுக்கு மருந்தை நிறுத்தினப்பதான் நல்லா ஆச்சு!

பேங்க்காரனுக்கு இது உடனே புரியும். ரெண்டு கணக்கு. ஒண்ணுல ஆயிரம் வரவு, இன்னொண்ணுல ஆயிரம் பற்று. சராசரி எடுத்தா சைபர். "எல்லாம் சரியா இருக்கு"ன்னு ரிப்போர்ட் போயிடும். மருந்துக் கம்பெனி சொல்ற "சராசரி நோயாளி"ன்னு ஒருத்தர் எங்க கிளைக்கு இதுவரைக்கும் வந்ததேயில்லை. உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தா சொல்லுங்க.

ஆனா அவசரப்படாதீங்க, கதை அங்க முடியலை. 2009ல அதே லான்செட்ல, அதே மரபணுவை வெச்சு இன்னொரு ஆய்வு. இந்தத் தடவை ஸ்டீராய்டு இன்ஹேலரோட சேர்த்து சால்மெட்டரால் கொடுத்தாங்க. அர்ஜினின்காரங்களுக்கும் கிளைசின்காரங்களுக்கும் மூச்சுக்குழாய் ஒரே மாதிரி நல்லா ஆச்சு. அதாவது வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு கூட இருந்தா, அந்த மரபணு வித்தியாசம் பெரிசா வாலாட்டலை. இன்னொரு உதாரணமும் இருக்கு. சால்மெட்டராலை வெச்சு அமெரிக்காவுல 26 ஆயிரம் பேர்கிட்ட 1996ல ஆரம்பிச்ச பெரிய ஆய்வை 2003ல பாதியிலேயே நிறுத்தினாங்க. மருந்து எடுத்தவங்கள்ல 13 பேர் ஆஸ்துமாவால இறந்தாங்க, எடுக்காதவங்கள்ல 3 பேர். கறுப்பினத்தவர்கிட்ட ஆபத்து அதிகம் தெரிஞ்சது. உடனே எல்லாரும் "இனம், மரபணு"ன்னு குதிச்சாங்க. ஆனா அவங்கள்ல பாதிக்கு மேல ஸ்டீராய்டு இன்ஹேலரே இல்லாம இருந்தவங்க. பின்னாடி ஸ்டீராய்டோட சேர்த்துக் கொடுத்து 41 ஆயிரத்துக்கு மேற்பட்டவங்ககிட்ட சோதிச்சாங்க. அந்த ஆபத்து தெரியலை. 2017 டிசம்பர்ல எஃப்.டி.ஏ. அந்தக் கூட்டு மருந்துகள் மேல இருந்த கறுப்புக் கட்டத்தை எடுத்துடுச்சு.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, இந்தப் பக்கம் டாக்டரைத் திட்டற அதே வேகத்துல நம்ம வீட்டு ஆளுங்களையும் திட்ட வேண்டியிருக்கு. "எங்க பரம்பரைக்கே இன்ஹேலர் ஒத்துக்காது", "இன்ஹேலர் எடுத்தா பழகிடும்", "ஸ்டீராய்டுன்னா உடம்பு ஊதிடும்". இப்படிச் சொல்லிச் சொல்லியே, நிஜமா உயிரைக் காப்பாத்தற மருந்தைத் தூக்கிப் போட்டுட்டு, அப்போதைக்கு மூச்சைத் திறந்து விடற மருந்தை மட்டும் உறிஞ்சற கூட்டம் நாம. உலகத்துல ஆஸ்துமா இருக்கிறவங்கள்ல எட்டுல ஒருத்தர் இந்தியர். ஆஸ்துமாவால சாகிறவங்கள்ல பத்துல நாலு பேர் இந்தியர். 2019ம் வருஷத்துக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கு இது. இந்தக் கேடு ஜீன்ல இருந்து வரலை, தினப்படி ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்காததுல இருந்து வருது. சால்பியூட்டமாலை மட்டும் தனியா நம்பாதீங்கன்னு உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, 12 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு 2019லயே சொல்லியாச்சு.

ஸ்டீராய்டுலயும் மரபணு சமாச்சாரம் உண்டு, மறைக்கலை. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி, சில குழந்தைகளுக்கு இன்ஹேலர் ஸ்டீராய்டாலயே மந்தமாகும். பி.டி.ஜி.எஃப்.டி.ன்னு ஒரு மரபணுவுல ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கிற குழந்தைகளுக்கு அந்த ஆபத்து அதிகம்னு லிவர்பூல் ஆராய்ச்சியாளர்கள் 2018ல கண்டுபிடிச்சாங்க. அதனால இன்ஹேலரை நிறுத்தணும்னு அர்த்தமில்லை. அளவைக் குறைச்சு வெச்சுக்கணும், குழந்தை சோர்ந்து சோர்ந்து விழுந்தாலோ வளர்த்தி நின்னாலோ டாக்டர் சந்தேகப்படணும். சந்தேகம் வரணும்னா, வீட்டுல இருக்கிறவங்க சொல்றதை யாராவது காதுல வாங்கணும் இல்லையா?

இப்போ நம்ம மல்காஜ்கிரிக்கே வர்றேன். கீழ்வீட்டு ஓனர் ஆன்ட்டி. தெலுங்கு வைசியர் குடும்பம், கோமட்டிம்பாங்க. நம்ம ஊர்ல கோமுட்டிச் செட்டியார்னு சொல்வோமே அவங்கதான். ஆன்ட்டிக்குப் பத்துப் பதினஞ்சு வருஷமா இளைப்பு. ராத்திரி ஒரு மாத்திரை. பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்க. துணைக்கு தங்கமணியும் போனா.

மயக்க டாக்டர் வந்து கேட்ட முதல் சில கேள்விகள்ல ஒண்ணு, "மீரு கோமட்லா அம்மா?" தங்கமணிக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ஆஸ்பத்திரில ஜாதி கேக்கறாரே! ஆனா ஆன்ட்டி அசரலை. "அவுனு. மாவாள்ளகு மத்து மந்து படது"ன்னாங்க. எங்க ஆளுங்களுக்கு மயக்க மருந்து ஒத்துக்காதுன்னு அர்த்தம். அவங்க தாய்மாமாவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் முடிஞ்சு மணிக்கணக்கா மூச்சு திரும்பாம மெஷின்ல வெச்சிருந்தாங்களாம். டாக்டர் தலையாட்டி எழுதிக்கிட்டார்.

விஷயம் என்னன்னா, ஆபரேஷன்ல தசையைத் தளர்த்த சக்ஸினைல்கோலின்னு ஒரு மருந்து கொடுப்பாங்க. ரத்தத்துல இருக்கிற பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ்ங்கற என்ஸைம் அதை உடைக்கும். நமக்கெல்லாம் சில நிமிஷத்துல விட்டுடும். அந்த என்ஸைம் குறையா இருக்கிறவங்களுக்கு மூச்சுத் தசையும் சேர்ந்து மணிக்கணக்கா எழுந்திருக்காது. வைசியர்கள்கிட்ட இந்தக் குறை மத்த சமூகங்களைவிட ரொம்ப அதிகம். அதுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006ல உலகத்துக்குச் சொன்னது யாரு தெரியுமா? நம்ம கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோட மனோகரன், பூபதி குழு, வெளிநாட்டு ஆய்வாளர்களோட சேர்ந்து. 2017ல ஹைதராபாத் சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டும் சேர்ந்து நேச்சர் ஜெனடிக்ஸ் இதழ்ல எழுதின கட்டுரையிலயும் இதே வைசியர் உதாரணம் வருது. மத்தவங்களைவிடச் சுமார் நூறு மடங்கு அதிகம்னு மதிப்பிட்டிருக்காங்க. சுமார் நூறு தலைமுறைக்கு முன்னாடி கொஞ்சப் பேர்ல இருந்து பெருகி, உள்ளுக்குள்ளயே கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்ததால ஒரே மாற்றம் பலருக்கும் போயிருக்கு. (சிரிக்காதீங்க. அத்தை பையன், மாமா பொண்ணுன்னு கட்டிக்கிட்டு வந்த நம்ம வீடுகளுக்குள்ள என்னென்ன இருக்கோ!)

அந்த சி.சி.எம்.பி. எங்கயோ இல்லைங்க. ட்ராஃபிக் இல்லாட்டி எங்க வீட்டுல இருந்து ஆட்டோல கொஞ்ச நேரத்துல போற ஹப்சிகூடா பக்கம்.

இனிமேதான் கிளைமாக்ஸ். ஆன்ட்டியோட மாத்திரைப் பையை தங்கமணி கையோட எடுத்துட்டுப் போயிருந்தா. மயக்க டாக்டர் ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தார். பாம்ப்யூடெரால். "இதை யார் கொடுத்தா?"ன்னு கேட்டாராம்.

பாம்ப்யூடெரால் உடம்புக்குள்ள போய் டெர்பியூட்டலினா மாறினாத்தான் மூச்சுக்குழாயை விரிக்கும். அப்படி மாத்தறதுல பெரிய பங்கு எந்த என்ஸைமோடது? அதே பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ்! என்ஸைம் குறையா இருக்கிறவங்களுக்கு மருந்து சரியா மாறுமாங்கறது ஒரு கேள்வி. அது மட்டுமில்லை, இந்த மாத்திரை அதே என்ஸைமை அடக்கவும் செய்யும். பாதிக் குறை இருக்கிறவங்க (ஒரு பக்கம் மட்டும் மாற்றம் உள்ளவங்க) இதைச் சாப்பிட்டுட்டு அந்த மயக்க மருந்தும் வாங்கினா, தசை தளர்ச்சி ரொம்ப நேரம் நீளும்னு டென்மார்க் மயக்க மருத்துவர்கள் 1990லயே எழுதி வெச்சிருக்காங்க. மரபணு, ஆஸ்துமா மாத்திரை, பக்கவிளைவு மூணும் ஒரே முடிச்சுல மாட்டற இடம் இது. அது நடந்திருக்க வேண்டிய ஊரும் எங்க ஊர்தான்.

மயக்க டாக்டர் அந்த என்ஸைம் தேவைப்படாத வேற தளர்த்தி மருந்தைக் கொடுத்தார். ஆன்ட்டி நல்லபடியா வீடு வந்து சேர்ந்தாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், செலவு சைபர், உயிர் தப்பிச்சது. இன்னொரு டாக்டர் அத்தனை வருஷமா அதே ஆன்ட்டிக்கு அதே ஊர்ல அந்த மாத்திரையை எழுதினார். ஒரு தடவைகூட "உங்க வீட்டுல யாருக்காவது ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?"ன்னு கேக்கலை. கேட்டிருந்தா தாய்மாமா கதை வெளியில வந்திருக்கும்.

என் ஆத்திரம் இதுதான். எங்க பேங்க்ல நீங்க பெரிய தொகையா ரொக்கம் கட்டினா பான் நம்பர் கேக்கறோம். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் ரிஸ்க் பார்த்துப் பிரிக்கிறோம். அதிக ரிஸ்க்னா 2 வருஷத்துக்கு ஒருக்கா, நடுத்தரம்னா 8, குறைவுன்னா 10 வருஷத்துக்கு ஒருக்கா கே.ஒய்.சி. புதுப்பிக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதி. உங்க பணத்தை உள்ள வாங்கறதுக்கே இத்தனை கேள்வி. உங்க குழந்தை ரத்தத்துக்குள்ள ஒரு ரசாயனத்தை அனுப்பறதுக்கு ஒரு கேள்விகூட இல்லை!

"ஓ.பி.ல அறுபது பேர் உட்கார்ந்திருக்காங்க, நேரமில்லை"ம்பாங்க. நானும் மாசம் முதல் தேதி பென்ஷன் கூட்டத்துல கவுன்ட்டர்ல உட்கார்ந்தவன்தான் சாமி. நேரமில்லைன்னா ஃபாரத்தைக் கொடுங்க, வெளியில உட்கார்ந்திருக்கிற ஒரு மணி நேரத்துல நாங்க நிரப்பித் தர்றோம். டோக்கன் கொடுக்கிற பொண்ணு அதை வாங்கி வெச்சா போதும்.

இந்தப் பக்கம் "எச்சிலைத் துப்பி அனுப்புங்க, உங்க ஜீன் ஜாதகத்தையே அனுப்பறோம்"னு விளம்பரம் வேற. அதுல மயங்காதீங்க. ஆஸ்துமாவுக்கு மருந்து எழுதறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் மரபணு டெஸ்ட் எடுக்கணும்னு ஜினா வழிகாட்டி சொல்லலை. 10,000 இந்தியர்களோட மரபணு வரிசையைப் படிச்ச ஜீனோம் இந்தியா திட்டத்தோட தகவல் 2025 ஜனவரியில வெளிவந்தது. நல்ல விஷயம், பலன் வரட்டும். அது வர்ற வரைக்கும் காசில்லாத ஜீன் டெஸ்ட் ஒண்ணு நம்மகிட்டயே இருக்கு: அம்மா, அத்தை, பெரியப்பா ஞாபகம்.

அந்த டெஸ்ட்டைத்தான் நாம தொலைச்சுட்டோம். ஊர்ல இருந்தவரைக்கும் ஒரே டாக்டர் மூணு தலைமுறையைப் பார்த்தார். "உங்க தாத்தாவுக்கு ஆஸ்பிரின் போட்டா இளைக்கும், உனக்கு வேண்டாம்"னு அவரே சொல்லிடுவார். (ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரையால இளைப்பு வர்ற ஆஸ்துமாவே ஒரு தனி வகை, தெரியுமில்லையா?) இப்போ நான் மல்காஜ்கிரில, தங்கச்சி சிங்கப்பூர்ல, மச்சினன் நியூஜெர்சில. டாக்டர் தெலுங்குல கேக்கறார், சீனத்துல கேக்கறார், இங்கிலீஷ்ல கேக்கறார். நாம ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல என்ன பேசறோம்? "எல்லாரும் சௌக்கியம். அங்க மழையா?" அவ்வளவுதான். நோயைச் சொன்னா பயப்படுவாங்க, பொண்ணுக்கு வரன் பார்க்கிறப்ப இடிக்கும், எதுக்கு வம்பு. அந்த "எல்லாரும் சௌக்கியம்" எங்க வீட்டுல ஒரு குழந்தையை மூணு வாரம் அலற வெச்சது.

அதனால மக்களே, இந்த வாரமே செய்யுங்க:

1. ஒரு முழுத்தாள். யாருக்கு, எந்த மருந்து, எத்தனை நாள்ல, என்ன ஆச்சு, நிறுத்தினதும் சரியாச்சா. அப்பா வழி, அம்மா வழி ரெண்டும். மருந்தோட பிராண்டு பேரோட உள்ள இருக்கிற ரசாயனப் பேரையும் ஸ்ட்ரிப்பைப் பார்த்து எழுதுங்க. ஊருக்கு ஊர் பிராண்டு மாறும், ரசாயனம் மாறாது.

2. மயக்க மருந்து கதைகளைக் கட்டாயம் எழுதுங்க. "ஆபரேஷன் முடிஞ்சு ரொம்ப நேரம் கண்ணு முழிக்கலை"ங்கறது கதை இல்லை, தகவல்.

3. ஆபரேஷனுக்குப் போறப்ப தினப்படி மாத்திரைப் பை கூடவே போகணும்.

4. ஒத்துக்கலைன்னு தோணினா டாக்டர்கிட்ட சொல்லுங்க. கேக்கலைன்னா இன்னொரு டாக்டர். ஆனா நீங்களா இன்ஹேலரை நிறுத்தாதீங்க, ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தவே நிறுத்தாதீங்க.

5. இந்தியாவுல இருக்கிறவங்க மருந்துப் பக்கவிளைவை நீங்களே அரசுக்குச் சொல்லலாம். 2010ல இருந்து இதுக்குன்னே ஒரு திட்டம் நடக்குது, இலவச நம்பர் 1800-180-3024. டாக்டர் எழுதலைன்னா நாம எழுதுவோம்.

டாக்டர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஜாதி கேக்க வேண்டாம், அதுல பாதிப் பேர் தப்பிச்சுப் போயிடுவாங்க, பாதிப் பேருக்குக் கோபம் வரும். "உங்க வீட்டுல யாருக்காவது ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?"ன்னு கேளுங்க. தெலுங்குல "படலேதா?"ன்னு ஒரே வார்த்தை. பதில் வந்தா அதைச் சீட்டுல எழுதுங்க. "மனப்பிரமை"ன்னு நினைச்சாலும் பரவாயில்லை, எழுதிட்டு அப்புறம் நினைச்சுக்குங்க.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவை ஒன்றரை மணி நேரம் போன்ல உட்கார வெச்சு எங்க தாளை எழுதி முடிச்சோம். பதினோரு பேர், பதினாலு மருந்து. பெரியப்பா பேருக்கு நேரா "டெரிஃபிலின் - படபடப்பு"ன்னு எழுதினேன். இருபது வருஷம் லேட். தங்கச்சிக்கும் மச்சினனுக்கும் அனுப்பியாச்சு. மச்சினன் உடனே போன் பண்ணி, "மாமா, என் பேரையும் சேர்த்துக்குங்க, எனக்கும் ஒண்ணு இருக்கு, யார்கிட்டயும் சொன்னதில்லை"ன்னான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கடன் ஃபைல் பார்க்கிறவன். மான்டிலுகாஸ்ட் ஏகப்பட்ட குழந்தைகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாம நல்லாவே வேலை செய்யுது. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையைக் குப்பையில போட வேண்டாம். கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு கொடுங்க, டாக்டர்கிட்ட பேசுங்க. ஜூன் மாசம் மீன் சாப்பிடறவங்க தாராளமாச் சாப்பிடுங்க, குழம்பு வெச்சு :-)